எல்லாம் சரியாக இருக்கிறது, ஸார்!

உங்களை ஒரு கேள்வி கேட்கலாமா? ஆபீஸோ, தொழிற்சாலையோ, பள்ளிக்கூடமோ, ஜவுளிக் கடையோ, எங்கேயோ ஓர் இடத்தில் நாலு பேர் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அவர்களில் ஒருவர் உங்கள் எதிரில் வந்து நின்று, "ஸார், நீங்கள் சொன்ன யோசனை சரிப்பட்டு வராது போலிருக்கிறதே!" என்று கடைசியாகச் சொன்னது எந்த மாதம்?

நினைவுக்கு வரவில்லையா? அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, நீங்கள் சொல்வதெல்லாம் எப்போதுமே சரியாக இருக்க வேண்டும். அல்லது, சரியில்லாதபோது அதை உங்களிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாமல் இருக்க வேண்டும். முதல் காரணம்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தோன்றினால், பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடுங்கள். எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது காரணமாக இருக்குமோ என்று மனத்தில் ஓர் ஓரமாகச் சந்தேகம் தட்டினால், கொஞ்ச நேரம் என்னோடு இருங்கள்.

உத்தியோகம் உயர்ந்தவுடன் ஒரு வேடிக்கை நடக்கிறது. நேற்று வரை நீங்கள் சொன்ன ஹாஸ்யத்துக்கு ஒருவரும் சிரித்ததில்லை. இன்று அதே ஹாஸ்யத்துக்கு ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்கிறது! நேற்று வரை, "போடா, உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்ட சிநேகிதர், இன்று, "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்கிறார். ஒரே ராத்திரியில் உங்கள் மூளை வளர்ந்துவிட்டதா என்ன? நாற்காலிதான் மாறியிருக்கிறது. ஆனால் நாற்காலிக்குக் கிடைத்த மரியாதையை மூளைக்குக் கிடைத்ததாக எண்ணிக்கொள்வது மனித சுபாவம். நாளடைவில் நாமும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

அதோடு போனாலும் பாதகமில்லை. இன்னொரு சங்கதியும் நடக்கிறது.

ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி, "பேரிங் தேய்ந்துவிட்டது. இன்னும் பத்து நாள்கூடத் தாங்காது" என்கிறான். அதைக் கேட்ட மேஸ்திரி சூப்பர்வைஸரிடம் போய், "இயந்திரத்தில் கொஞ்சம் சத்தம் வருகிறது" என்கிறார். சூப்பர்வைஸர் மானேஜரிடம், "சின்ன ரிப்பேர் ஒன்று பாக்கி இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறார். மானேஜர் முதலாளியின் அறைக்குள் நுழைந்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, ஸார்!" என்கிறார்.

இவர்களில் யாராவது முழுப் பொய் சொன்னார்களா? இல்லை. ஒவ்வொருவரும் கசப்பில் ஒரு துளியைக் குறைத்து, சர்க்கரையில் ஒரு துளியைக் கூட்டினார்கள். அவ்வளவுதான். பதினோராம் நாள் இயந்திரம் நின்றுபோகிறது. "என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்று முதலாளி கூச்சல் போடுகிறார். சொல்லத்தான் சொன்னார்கள். மாடிப்படி ஏறி வருவதற்குள் செய்தி கரைந்துபோயிற்று.

நல்ல தலைவனுக்கு நல்ல நிதானம் வேண்டும், தீர்மானம் செய்யும் திறமை வேண்டும் என்றெல்லாம் சொல்கிறோம். வாஸ்தவம். ஆனால் நோயாளி பாதி உபாதையை மறைத்துவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் என்ன மருந்து கொடுக்க முடியும்? தலைவர்கள் செய்யும் பெரிய தவறுகளில் பல, புத்திக் குறைவால் வருவதில்லை. யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்த உண்மை அவர்கள் காதுக்கு எட்டாததால் வருகின்றன.

பேரிங்கோடு போனால் பணத்தோடு போயிற்று. உயிரோடு போன கதையும் உண்டு.

1977-ம் வருஷம் மார்ச் மாதம் 27-ந் தேதி. ஸ்பெயின் தேசத்துக்குச் சொந்தமான டெனரீஃப் என்ற தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய விமானங்களெல்லாம் இந்தச் சிறிய விமான நிலையத்தில் வந்து அடைந்து கிடந்தன. பிற்பகலில் மூடுபனி வேறு சூழ்ந்துகொண்டது. நெதர்லாந்தின் கே.எல்.எம். கம்பெனியைச் சேர்ந்த ஜம்போ விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படத் தயாராக நின்றது. அமெரிக்காவின் பான் அமெரிக்கன் கம்பெனியின் ஜம்போ விமானம் அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பனியில் ஒன்றுக்கு மற்றொன்று தெரியவில்லை.

கே.எல்.எம். காப்டன் சாமானியர் அல்ல. ஜம்போ விமானம் ஓட்ட மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். கம்பெனி விளம்பரத்தில் அவர் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். அவர் விமானத்தைக் கிளப்ப முற்பட்டபோது, இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி ஒரு தடவை நினைவூட்டினார். காப்டன் நிறுத்திக்கொண்டு அனுமதி கேட்கச் சொன்னார். போக வேண்டிய வழி என்ன என்பதற்குப் பதில் வந்தது. கிளம்பலாம் என்ற உத்தரவு வரவில்லை. ஆயினும் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டாவது தடவை துணை விமானி தடுத்துச் சொல்லவில்லை. அப்போது விமான எஞ்சினீயர் வானொலியில் எதையோ கேட்டுவிட்டு, அந்த அமெரிக்க விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று காப்டன் அழுத்தமாகப் பதில் சொன்னார். எஞ்சினீயர் அதற்கு மேல் பேசவில்லை.

சில விநாடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் மாண்டார்கள். கே.எல்.எம். விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பழியையெல்லாம் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. பனி ஒரு காரணம். இருவர் ஒரே சமயத்தில் வானொலியில் பேசியதால் ஒரு முக்கியமான செய்தி அமுங்கிப்போனது ஒரு காரணம். நேரமாகிக்கொண்டிருந்தது ஒரு காரணம். ஆனாலும், சந்தேகம் ஒன்று அந்தச் சிறிய அறையில் எழுந்தது, வாய்விட்டும் கேட்கப்பட்டது, பிறகு அடங்கிப்போயிற்று என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. கேட்டவர் ஏன் மறுபடி கேட்கவில்லை? தமக்கு மேலே இருந்தவர் அவ்வளவு பெரியவர்!

இந்த விபத்தும் இதைப் போன்ற வேறு சில விபத்துகளும் விமான உலகத்தை உலுக்கிவிட்டன. 1979-ல் அமெரிக்காவின் நாஸா நிறுவனம் இதற்காகவே நிபுணர்களைக் கூட்டிப் பேசியது. 1981-ல் யுனைடெட் கம்பெனி தன் விமானிகளுக்குப் புதுவிதமான பயிற்சி ஒன்றைத் தொடங்கிற்று. காப்டன் கேட்கப் பழக வேண்டும். இளையவர் அழுத்தமாகச் சொல்லப் பழக வேண்டும். இதுதான் அதன் சாரம். இன்று உலகெங்கும் விமானிகளுக்கு இது கட்டாயப் பாடம். விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே காது கொடுக்கக் கற்றுத்தர வேண்டியிருந்தது, பாருங்கள்!

"அதெல்லாம் பிறவிக் குணம். ஐம்பது வயதுக்கு மேல் மாறுமா?" என்று நீங்கள் கேட்கலாம். மாறும். ஒன்றரை வருஷத்தில் மாறிய ஒருவரைச் சொல்கிறேன்.

1961-ம் வருஷம் ஏப்ரல் மாதம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கியூபாவிலிருந்து வெளியேறியவர்களில் சுமார் 1,400 பேருக்கு ஆயுதம் கொடுத்து, கியூபாவின் மேல் படையெடுக்கச் செய்யும் திட்டம் ஒன்று அவரிடம் வந்தது. ஆலோசனைக் கூட்டங்களில் பெரிய பெரிய மேதாவிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்தர் ஷ்லெஸிங்கர் என்ற சரித்திர ஆசிரியருக்குத் திட்டம் துளியும் பிடிக்கவில்லை. தனியாக ஜனாதிபதிக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாயைத் திறக்கவில்லை. அப்படி மௌனமாக இருந்ததற்காகப் பிற்பாடு தம்மையே நொந்துகொண்டு எழுதினார். படையெடுப்பு மூன்றே நாளில் முறியடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

கென்னடி பொறுப்பைப் பகிரங்கமாகத் தாமே ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்காமல், தாம் ஆலோசனை கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டார். 1962-ம் வருஷம் அக்டோபரில் ரஷ்யா கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்திருப்பது தெரியவந்தபோது, உலகமே அழிந்துபோகலாம் என்ற நிலைமை. கென்னடி ஒரு சிறு குழுவை அமைத்தார். அதில் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே அவர் போகவில்லை! ஜனாதிபதி அறையில் இருந்தால், அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்களே தவிர மனத்தில் பட்டதைப் பேச மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் பலருக்கும் விமானத் தாக்குதல்தான் வழி என்று தோன்றியது. நாள்கணக்கில் அடித்துப் பேசிய பிறகு, கப்பல்களைக் கடலில் மறிப்பது என்ற நிதானமான வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்டோபர் 28-ந் தேதி ஏவுகணைகளை அகற்ற ரஷ்யா சம்மதித்தது.

அதே மனிதர், ஆலோசகர்களிலும் பலர் அதே ஆட்கள். மாறியது கேட்கும் பழக்கம்தான்.

யுத்தமும் ஜனாதிபதியும் நமக்கு எட்டாத விஷயங்கள் என்றால், வியாபாரத்துக்கு வருவோம். 2006-ல் அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கு ஆலன் முலாலி என்பவர் தலைமை அதிகாரியாக வந்தார். வாரந்தோறும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூட வேண்டும் என்றார். வேலை சரியாக நடந்தால் பச்சை, கொஞ்சம் தடங்கலென்றால் மஞ்சள், நின்றுபோயிருந்தால் சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்ட வேண்டும். ஆரம்பக் கூட்டங்களில் எல்லாமே பச்சை! அந்த வருஷம் கம்பெனிக்கு நஷ்டமோ 1,270 கோடி டாலர். இவ்வளவு நஷ்டத்தில் நடக்கும் கம்பெனியில் சரியில்லாதது ஒன்றுகூட இல்லையா என்று முலாலி கேட்டார்.

அதன் பிறகு ஒரு கூட்டத்தில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற பிரிவுத் தலைவர் துணிந்து ஒரு சிவப்பைக் காட்டினார். புதிய கார் ஒன்றின் பின்கதவில் கோளாறு. வெளியே அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். அறையில் நிசப்தம். அவருடைய உத்தியோகம் போயிற்று என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி என்ன செய்தார் தெரியுமா? கைதட்டினார். தெளிவாகச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். உடனே இரண்டு மூன்று பேர் முன்வந்தார்கள். அடுத்து வந்த கூட்டங்களில் மஞ்சளும் சிவப்பும் தாராளமாக வந்தன. 2009-ல் போட்டிக் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு தப்பித்தது. முன்கூட்டியே சொத்துகளை அடகு வைத்து வாங்கிய கடனும் அதற்குக் காரணம். ஆனால் நோய் எங்கே என்று தெரியாமல் கடன் மட்டும் வாங்கி என்ன பிரயோஜனம்? 2014-ல் முலாலி ஓய்வு பெற்றபோது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர், சிவப்பைக் காட்டிய அதே ஃபீல்ட்ஸ்.

சரி, நாம் என்ன செய்யலாம்? கூடவே பணம் செலவில்லாத சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கெட்ட செய்தி வந்த முதல் நிமிஷத்தைக் காப்பாற்றுங்கள். உங்கள் புருவம் நெரிவதை எதிரில் நிற்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மட்டுமா? அவர் வெளியே போய்ச் சொல்லப் போவதை ஆபீஸே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. "யார் செய்தது?" என்ற கேள்வியை அடக்கிக்கொண்டு, "சொன்னது நல்லதாயிற்று. இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். யார் என்பதைச் சாயங்காலம் விசாரித்துக்கொள்ளலாம். அதற்குள் அது ஓடிப்போய்விடாது. டொயோட்டா கார்த் தொழிற்சாலைகளில் தொழிலாளியின் கைக்கு எட்டும்படி ஒரு கயிறு கட்டிவைத்தார்கள். கோளாறைக் கண்டால் அவன் இழுக்கலாம். அவனுடைய தலைவர் உதவிக்கு ஓடி வருவார். சரியாகாவிட்டால் வேலையே நிற்கும். அந்தக் கயிற்றை இழுத்தவனுக்கு வசவு விழுந்தால் மறுநாள் யார் இழுப்பார்கள்?

இரண்டாவது, கூட்டத்தில் கடைசியில் பேசுங்கள். "என் அபிப்பிராயம் இது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று தொடங்கினால், பத்துப் பேரும் உங்கள் அபிப்பிராயத்தையே பத்து விதமாகத் திருப்பிச் சொல்வார்கள். நம் நாட்டு ராணுவக் கோர்ட்டுகளில் அங்கத்தினர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும்போது, பதவியில் எல்லோருக்கும் கீழே இருப்பவரிலிருந்து தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன ராணுவத்திலேயே இப்படியென்றால், நம் ஆபீஸில் செய்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான தீர்மானம் ஒன்று செய்யும்போது, என்ன தீர்மானம், எதனால், என்ன பலனை எதிர்பார்க்கிறீர்கள் என்று நாலு வரி எழுதிவையுங்கள். ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ கழித்து எடுத்துப் பாருங்கள். நிர்வாகக் கலையைப் பற்றி நிறைய எழுதிய பீட்டர் டிரக்கர் இதைப் பல வருஷம் செய்து பார்த்து, ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்பட்டதாக எழுதியிருக்கிறார். நம் ஞாபகசக்தி பெரிய முகஸ்துதிக்காரன். "அப்போதே நினைத்தேன்" என்று நம்மிடமே பொய் சொல்லும். நோட்டுப் புத்தகம் சொல்லாது. எந்த விஷயத்தில் நம் கணக்குத் திரும்பத் திரும்பத் தப்புகிறது என்பது தெரிந்துவிட்டால், அந்த விஷயத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நான்காவது, பழி வந்தால் முன்னால் நில்லுங்கள்; புகழ் வந்தால் பின்னால் நகருங்கள். 1979-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட், வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்தின் இயக்குநர் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்களை எதிர்கொள்ள அவரை விடாமல், இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் தாமே போய் உட்கார்ந்து, தோல்விக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். 1980-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி அடுத்த முயற்சி வெற்றியடைந்து, ரோகிணி செயற்கைக்கோள் வானில் சுற்றத் தொடங்கிற்று. அன்று, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பிவைத்தார். இதைக் கலாம் வாழ்நாள் முழுவதும் மேடைக்கு மேடை சொல்லி வந்தார். அப்படிப்பட்ட தலைவரிடம் உண்மையை மறைக்க யாருக்கு மனம் வரும்?

"இப்படியெல்லாம் இளகினால் மரியாதை போய்விடாதா? கண்டவனெல்லாம் கேள்வி கேட்பானே!" என்று சிலருக்குத் தோன்றும். கேட்பது வேறு, கேட்டபடி ஆடுவது வேறு. பத்துப் பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, பதினோராவது வழியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அது உங்கள் உரிமை, கடமையும்கூட. ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அசட்டையாக வேலை செய்கிறவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். தவறு செய்துவிட்டுத் தானே வந்து சொன்னவனையும், மூடி மறைத்தவனையும் ஒரே தராசில் நிறுக்காமல் இருந்தால் போதும்.

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். குறையைச் சொல்பவர் ஒருவர். கோள் சொல்பவர் இன்னொருவர். முன்னவர் வேலையைப் பற்றிப் பேசுவார். பின்னவர் ஆளைப் பற்றிப் பேசுவார். கோள்காரரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. "அப்படியா? அவரையும் கூப்பிடுகிறேன். அவர் எதிரிலேயே சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கோள்காரருக்கு அந்த நிமிஷமே வேறு அவசர வேலை வந்துவிடும்!

ராஜாவுக்குச் சேனை வேண்டும், கோட்டை வேண்டும் என்று சொன்ன வள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல் என்று தனியாக ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். உள்ளதை இடித்துச் சொல்லும் துணை அரசனுக்கே தேவையென்றால், மானேஜருக்கும் ஹெட்மாஸ்டருக்கும் தேவையில்லாமல் போகுமா? ஏன், வீட்டிலும்தான். கணக்கில் குறைந்த மார்க் வாங்கிய பையன் முதலில் அம்மாவிடம் போய்க் கிசுகிசுக்கிறானா, நேரே அப்பாவிடம் வருகிறானா என்று கவனியுங்கள். அப்பாவின் காதுக்கு வரும் வழி திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துபோகும்.

நாளைக் காலையில் வேலைக்குப் போனதும் உங்கள் ஆட்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் தெரிந்துகொள்ள வேண்டிய கெட்ட செய்தி ஏதாவது இருக்கிறதா?" முதல் நாள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரண்டாம் நாள், "எல்லாம் சரியாக இருக்கிறது, ஸார்!" என்பார்கள். விடாமல் கேட்டு வாருங்கள். பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ, ஒருவர் உங்கள் அறை வாசலில் உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நிற்பார்.

எழுந்து போய் அவரை உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள்.